பாம்பன் வீட்டுக்கு முதல் கிட்டார்: எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். பாம்பனில் கடலை ஒட்டிய வீடு. எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கைக்குக் கோயில் (சர்ச்) பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்க ஆசை. வீட்டில் 10,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆன்லைனில் பை, ஸ்ட்ராப், பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் ஒரு கிட்டார் வருகிறது. குழுவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர், பிக்கப் (கம்பியின் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) வைத்ததாக வாங்கச் சொல்கிறார். இணையத்தில் பார்த்த வீடியோக்களோ, சாலிட் டாப், அதாவது ஒரே மரத்தில் அறுத்த முன்பலகை, இல்லாத கிட்டாரைத் தொடாதே என்கின்றன. இதில் யார் பேச்சைக் கேட்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார், பிளைவுட் டாப், கொஞ்சம் சிறிய உடல், பிக்கப் வேண்டாம், விலை 8,000 ரூபாயை ஒட்டி. மீதிப் பணம் செட்டப்புக்கும் (வாசிக்க வசதியாகக் கம்பி உயரத்தைச் சரி செய்யும் வேலை) கம்பிக்கும். தங்கையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவள் மடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இனி நான் எழுதப் போவதெல்லாம் இதற்கான காரணங்கள். காரணம் தெரிந்திருந்தால்தான், கடையில் வேறு எதையாவது எடுத்துக் காட்டும்போது நீங்களே முடிவெடுக்க முடியும்.

முதல் கிட்டாரில் மரத்தையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன்னால் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். நெக்கில் (கழுத்துப் பகுதியில்) குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் உள்ள இடைவெளியை ஆக்‌ஷன் என்பார்கள். இது அதிகமாக இருந்தால் இரண்டு கெடுதல் நடக்கும். விரல் நுனி தேவைக்கு மேல் வலிக்கும், அது ஒன்று. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: உயரத்தில் நிற்கும் கம்பியைக் கீழே அழுத்தும்போது அது இழுபட்டு, சுருதி ஏறிவிடும். ஆறு கம்பியையும் சரியாக ட்யூன் செய்து வைத்தாலும் கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) பிடித்ததும் அபசுரமாகக் கேட்கும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இது புரியாது. தனக்குக் காது சரியில்லை, தன் விரல் இதற்கு லாயக்கில்லை என்று நினைத்துக்கொள்ளும். நம் பக்கத்துக் கோயில்களில் எத்தனையோ பிள்ளைகள் மூன்றாம் மாதத்தில் கிட்டாரை மூலையில் சாத்திவிட்டதற்குப் பின்னால் இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஏனென்றால் பெரும்பாலும் அரை மணி நேர வேலையில் சரி செய்யக்கூடிய விஷயம் அது.

அளப்பது சுலபம். சிறிய ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், கணக்கு தப்பும். 12-வது ஃப்ரெட்டில், வழக்கமாக இரண்டு புள்ளி போட்டிருக்கும் இடத்தில், ஃப்ரெட்டின் மேல்முனையிலிருந்து கம்பியின் அடி வரை அளவு பாருங்கள். ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டரும் மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டரும் இருந்தால் நல்லது. 3 மில்லிமீட்டர் என்றால் செட்டப் செய்து கொடுக்கச் சொல்ல வேண்டும். 4 மில்லிமீட்டர் என்றால் அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நைலான் கம்பிக் கிட்டாருக்கு அளவு வேறு. அதன் கம்பி அகலமாக அதிர்வதால் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு.

அடுத்து நட். தலைப்பக்கம், கம்பிகள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைத் துண்டு. விலை குறைந்த கிட்டார்களில் மிக அதிகமாகக் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் அந்த ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக வெளிச்சம் தெரிகிற அளவு இருந்தால், நட்டின் பள்ளங்களைச் சரியாக ராவாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கிட்டாரில் சி கார்டே கஷ்டம், எஃப் கார்டு நினைத்தே பார்க்க முடியாது. ராவுவதற்கு அதற்கென்று இருக்கும் சன்ன அரம் வேண்டும், பழகிய கை வேண்டும். வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். கொஞ்சம் அதிகமாக ராவிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரைய ஆரம்பிக்கும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டியதுதான்.

மறுமுனையில், பிரிட்ஜில், அதாவது உடலின்மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டையில், செருகியிருக்கும் துண்டு சேடில். அதன் அடியைத் தேய்த்துத்தான் 12-வது ஃப்ரெட் உயரத்தைக் குறைப்பார்கள். சேடிலில் 1 மில்லிமீட்டர் தேய்த்தால் 12-வது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும், ஏனென்றால் 12-வது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. இந்தக் கணக்கை வைத்து, கடையிலேயே ஒன்று பார்த்துவிடலாம். சேடில் பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது? 3 மில்லிமீட்டராவது நின்றால், பிறகு ஆக்‌ஷன் ஏறினாலும் இறக்க இடம் இருக்கிறது. ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டித் தேய்ந்து போயும் கம்பி உயரமாக இருந்தால் அந்தக் கிட்டாருக்கு வைத்தியம் செலவு அதிகம். பழைய கிட்டார் வாங்குபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

நெக் நேராக இருக்கிறதா என்று பார்க்கவும் கருவி தேவையில்லை, கம்பியே போதும். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், உடலோடு நெக் சேரும் 14-வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கம்பி நேர்கோடாகிவிடும். ஏழாவது ஃப்ரெட் பக்கம் மெல்லிய விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் சரி. ஒன்றுமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அதிகமாக இருந்தாலும், நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரி செய்வார்கள். ட்ரஸ் ராடு இருக்கிறதா என்று கடையில் கேட்டு, அலன் சாவியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மிக மலிவான கிட்டார்கள் சிலவற்றில் அது இருக்காது, அல்லது இருந்தும் வேலை செய்யாது. நம் ஊர்க் காற்றுக்கு ட்ரஸ் ராடு இல்லாத ஸ்டீல் கம்பிக் கிட்டாரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது காற்றுக்கே வருவோம். உங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வரும். இணையத்தில் கிடைக்கும் கிட்டார் அறிவுரையில் பெரும்பகுதி, குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு வாழ்பவர்கள் எழுதியது. அவர்களுக்குப் பிரச்சினை வறட்சி. மரம் காய்ந்து வெடிக்கும். அதனால்தான் கிட்டாருக்குள் ஈரப் பஞ்சு வைக்கச் சொல்கிறார்கள், ஹியூமிடிஃபயர் வாங்கச் சொல்கிறார்கள். நமக்கு நேர் எதிர். கிட்டார் செய்பவர்கள் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருப்பது நல்லது என்பார்கள். நம் கரையில் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல், ஐப்பசி கார்த்திகையில் இன்னும் அதிகம். பஞ்சை நனைத்து உள்ளே வைத்தீர்களானால் கிட்டாரை நீங்களே கெடுக்கிறீர்கள்.

மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில் உப்பும். நாட்டுப்படகின் பலகை தண்ணீரில் இறங்கியதும் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதேதான் இங்கும். கிட்டாரின் முன்பலகை 3 மில்லிமீட்டர் கூட வராத மெல்லிய பலகை. சாலிட் டாப் என்றால் அது ஒரே மரத்தில் அறுத்தது, பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். ஈரம் ஏறும்போது பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும். பிரிட்ஜ் மேலே எழும். அதோடு கம்பியும் எழும். கோடையில் நன்றாக இருந்த ஆக்‌ஷன் மழைக்காலத்தில் ஏறி, சத்தமும் மந்தமாகிவிடும். பிளைவுட் டாப்பில் மெல்லிய தகடுகளை ஒன்றின் குறுக்கே ஒன்றாக வைத்து ஒட்டியிருப்பதால் ஒரு தகடு உப்ப நினைத்தால் அடுத்தது இழுத்துப் பிடிக்கும். இது அவ்வளவு சுலபத்தில் வயிறு தள்ளாது.

சாலிட் டாப்பின் நாதம் உயர்ந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அதிர்வு கூடுதல், வருடங்கள் போகப் போக இன்னும் திறக்கும். ஆனால் அந்த நாதத்தைக் கையால் எழுப்பத் தெரிவதற்கு முன்பே அதைக் கடற்கரை வீட்டில் காபந்து பண்ணும் வேலை வந்து சேர்ந்துவிடும். உங்கள் தங்கை இரண்டு வருஷம் வாசித்து, பலகையைத் தட்டிப் பார்த்தே வித்தியாசம் சொல்லும் நிலைக்கு வரட்டும். அப்போது வாங்குங்கள். முதல் கிட்டாருக்கு, அதுவும் பாம்பனில், பிளைவுட் என்பது சமரசம் கிடையாது. நிறையப் பணம் இருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஸ்டீலா நைலானா என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே நான் சொன்னதற்கு எதிராகவும் நல்ல நியாயம் இருக்கிறது. நைலான் கிட்டாரில் விரல் வலி குறைவு. ஸ்டீல் கம்பி லைட் செட் போட்டால் ஆறு கம்பியும் சேர்ந்து கிட்டாரை இழுக்கும் விசை 70 கிலோவுக்கு மேல். நைலானில் அது 40 கிலோவை ஒட்டித்தான். துருவும் பிடிக்காது. மெல்லிய மூன்று கம்பிகளும் உங்கள் வீட்டில் தூண்டிலுக்கு வைத்திருக்கும் தங்கூசி வகையே. இரண்டாம் உலகப் போரின்போது கிட்டாருக்குப் போடும் குடல் நரம்பு கிடைக்காமல் போனதால்தான் நைலான் வந்தது. அமெரிக்காவில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் செய்பவரும், ஸ்பெயினின் பெரிய வாத்தியக்காரர் ஆந்த்ரேஸ் செகோவியாவும் சேர்ந்து அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் தூண்டில் நரம்பை எடுத்துக் கிட்டாரில் கட்டிவிட வேண்டாம். நீளம் முழுக்க ஒரே பருமனாக இருக்குமாறு பார்த்துப் பார்த்துத் தேர்ந்த நைலான்தான் சுருதி தப்பாது. தடித்த மூன்று கம்பிகள் இழைமேல் உலோகம் சுற்றியவை, அவை உப்புக் காற்றில் கறுக்கத்தான் செய்யும்.

பிறகு ஏன் ஸ்டீல் சொல்கிறேன்? இரண்டு காரணம். நைலான் கிட்டாரின் நெக் அகலம். நட் அருகே சுமார் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கிட்டாரில் சுமார் 43 மில்லிமீட்டர். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கைக்கு அந்த ஒன்பது மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். இரண்டாவது, நாற்பது பேர் பாடும் குழுவில், தபேலாவும் கீபோர்டும் சேர்ந்து போகும்போது நைலானின் மென்மையான சத்தம் அடங்கிவிடும். பிக் வைத்து ரிதம் அடிக்க ஸ்டீல்தான் கேட்கும். விரல் வலிக்கு வழி இருக்கிறது: கடையில் போட்டிருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு 10-47 என்ற மிக மெல்லிய எக்ஸ்ட்ரா லைட் செட் போடச் சொல்லுங்கள். இழுவிசை 60 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். சத்தம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. தங்கை பாடகர் குழுவோடு நிற்காமல் ஆசிரியரிடம் நோட்டேஷன் படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வுகள் எழுத நினைக்கிறாள் என்றால் மட்டும் நைலான் வாங்குங்கள். அந்தப் பாடத்திட்டமே அந்தக் கிட்டாருக்கானது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போடக் கூடாது. அந்த இழுவையைத் தாங்கும்படி அதைச் செய்திருக்க மாட்டார்கள். பிரிட்ஜ் பிய்ந்து வரும்.

உடலின் அளவு. விளம்பரங்களில் 38 இன்ச், 39 இன்ச், 41 இன்ச் என்று போட்டிருப்பது தலையிலிருந்து அடி வரை மொத்த நீளம். அது பெரிதாக எதையும் சொல்லாது. பார்க்க வேண்டியது நட்டிலிருந்து சேடில் வரை கம்பியின் நீளமும், உடலின் ஆழமும். முழு அளவுக் கிட்டார்களில் கம்பி நீளம் 630 முதல் 650 மில்லிமீட்டருக்குள் இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் சமாளிக்கலாம், முக்கால் அளவு தேவையில்லை. அது எட்டு, ஒன்பது வயதுக்கு. ஆனால் ட்ரெட்நாட் எனப்படும் பெரிய வயிற்றுக் கிட்டாரை மடியில் வைத்தால் வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்கும், பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். கான்சர்ட் அளவு என்று கேளுங்கள். இடை ஒடுங்கி, ஆழம் குறைவாக இருக்கும். தங்கையை நாற்காலியில் உட்காரவைத்து, கிட்டாரை வைத்து, தோள் இறங்கி இருக்கிறதா, இடது கை முதல் ஃப்ரெட்டை எட்டிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். அவள் முகத்தையும் பாருங்கள்.

விலைக்கு வருகிறேன். 3,000 ரூபாய்க்குள் வரும் கிட்டாரும் வாசிக்கக் கூடியதாக அமையலாம், ஆனால் அமைவது அதிர்ஷ்டம். அந்த விலையில் நட்டையும் ஃப்ரெட்டையும் யாரும் உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது. கூடவே வரும் பையும் பிக்கும் ஸ்ட்ராப்பும் பார்க்க நிறைவாகத் தெரியும். அவற்றுக்கும் அதே 3,000-க்குள்தான் செலவழித்திருக்கிறார்கள், மீதி எவ்வளவு கிட்டாருக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 8,000 முதல் 11,000 வரை போனால் பெரிய நிறுவனங்களின் ஆரம்பநிலை மாடல்கள் வந்துவிடும். யமஹாவின் எஃப்310 இதில் பலருக்கும் தெரிந்த பெயர். பிளைவுட் ஸ்ப்ரூஸ் டாப், 634 மில்லிமீட்டர் கம்பி நீளம், ஒன்றுக்கொன்று தரம் அதிகம் மாறாது. உடல் கொஞ்சம் பெரியது. அதே நிறுவனத்தில் எஃப்எஸ் என்று தொடங்கும் மாடல்கள் கான்சர்ட் அளவு. நைலான் என்று முடிவெடுத்தால் சி40. கோர்ட், ஃபெண்டர், இபனெஸ் ஆகியவற்றிலும் இந்த விலையை ஒட்டி உண்டு. விலை கடைக்குக் கடை மாறும். எந்தப் பெயரானாலும், மேலே சொன்ன அளவுகளில் தேறிய கிட்டார், தேறாத பெரிய பெயரை விட உங்களுக்கு நல்லது.

பிக்கப் வைத்ததை ஏன் வேண்டாம் என்கிறேன்? பட்ஜெட் ஒன்றுதான். அதில் பிக்கப்புக்கும் ப்ரீஆம்ப்புக்கும் (அதன் ஒலியைக் கூட்டும் மின்சுற்று) போகும் பணம் மரத்திலிருந்தும் வேலைப்பாட்டிலிருந்தும் எடுக்கப்பட்டது. விலை குறைந்த பிக்கப் உப்புக் காற்றில் சீக்கிரம் கரகரக்கும், பேட்டரி முனை பச்சை பிடிக்கும். கோயிலில் மைக் இருக்கிறது, சவுண்ட்ஹோலுக்கு (உடலின் நடுத்துளைக்கு) நேராக இல்லாமல் நெக் உடலோடு சேரும் இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். பிறகு வேண்டுமென்றால் சவுண்ட்ஹோலில் மாட்டும் பிக்கப் தனியாகக் கிடைக்கிறது. அந்த அண்ணன் சொன்னது மேடையில் வாசிப்பவருக்குச் சரியான யோசனை. எலெக்ட்ரிக் கிட்டார் விரலுக்கு மிகவும் இலகுவானது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆம்ப் வேண்டும், இந்தப் பட்ஜெட்டில் இரண்டும் அடங்காது.

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் கீ விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் கொஞ்சம் பிடிவாதமாக இருக்க வேண்டும். பல்சக்கரம் வெளியே தெரியும் வகையில் உப்பு நேராக உட்காரும். மூடிய கூட்டுக்குள் கிரீஸோடு இருக்கும் வகைதான் நமக்கு. திருகும்போது சொரசொரப்போ, ஒரு பக்கம் ஆட்டமோ இருக்கக் கூடாது. ஃப்ரெட்டுகள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், துருப்பிடிக்காது, மங்கத்தான் செய்யும். அதை மெல்லிய துணியால் தேய்த்துவிடலாம்.

கம்பி விஷயம் வேறு. சாதாரண ப்ரான்ஸ் கம்பி நம் கரையில் சில வாரங்களிலேயே கறுத்து, தடவினால் சொரசொரக்கும். துருவேறிய கம்பி விரலை அறுக்கும், ஃப்ரெட்டைத் தேய்க்கும், சுருதியும் நிற்காது. வியர்வையிலும் உப்புதானே. வாசிப்பதற்கு முன் கை கழுவித் துடைப்பதும், வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியிலும் துடைப்பதும் பழகிவிட வேண்டும். மேலே மெல்லிய பூச்சு கொடுத்த கோட்டட் கம்பிகள் கிடைக்கின்றன. சாதாரண செட் சில நூறு ரூபாய் என்றால் இது ஆயிரத்தைத் தாண்டும், ஆனால் பல மடங்கு நாள் வரும். மதுரையில் இருப்பவருக்கு இது ஆடம்பரமாக இருக்கலாம். பாம்பனில் கணக்குப் பார்த்தால் இதுதான் மிச்சம். ஒரு செட் கூடுதலாக, உறை பிரிக்காமல், வீட்டில் இருக்கட்டும். திருவிழா நவநாளில் கம்பி அறுந்தால் மதுரைக்கு ஓட முடியாது.

மதுரை என்று சொன்னேன். ராமநாதபுரத்திலேயே கிடைத்தால் நல்லது, ஆனால் நாலைந்து கிட்டாரை வரிசையாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க மதுரைக் கடைகள்தான் வசதி. பரமக்குடி, மானாமதுரை வழியாக ரயிலிலேயே போய் வந்துவிடலாம். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். யாரும் இல்லையா, கடைக்காரரை வாசிக்கச் சொல்லி நீங்கள் எதிரே நின்று கேளுங்கள். பிறகு நீங்களே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டுங்கள். பாட்டு தெரிய வேண்டியதில்லை, எங்காவது இரைகிறதா, எங்காவது சத்தம் செத்துப் போகிறதா என்று கேட்டால் போதும். நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை குத்தக் கூடாது. போனில் ட்யூனர் ஆப் போட்டு, கம்பியைச் சும்மா மீட்டி ட்யூன் செய்துவிட்டு, அதே கம்பியை 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம், மேல் ஸ்தாயியில், முள் நடுவில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினால் பரவாயில்லை, நன்றாகவே மேலே போனால் வேண்டாம். பிரிட்ஜின் பின்ஓரத்தில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. போன் டார்ச்சை சவுண்ட்ஹோலுக்குள் அடித்து உள்ளே உள்ள குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாங்குகிற கிட்டாருக்குச் செட்டப் செய்து, 10-47 கம்பி போட்டுத் தரச் சொல்லுங்கள். பணம் கேட்டால் கொடுங்கள், முழுத் தொகையில் மிகவும் பயனுள்ள செலவு அதுதான். திரும்பி வரும்போது பேருந்தில் இன்ஜின் சூட்டருகே வைக்காதீர்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் விட வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் நகர ஆரம்பிக்கும். ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, வந்த அன்றே இத்தனை சோதனையையும் செய்துவிடுங்கள்.

கூட வாங்க வேண்டியது: கொஞ்சம் பஞ்சு வைத்த தடித்த பை, கேப்போ (நெக்கில் மாட்டி எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வி), மெல்லிய பிக் இரண்டு மூன்று. ட்யூனர் போனிலேயே போதும். கேப்போவை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பாடகர் குழுவுக்கு அதுதான் கைகொடுக்கும். உங்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் பேசுவார். ஜி என்பது 5 கட்டை. ஜி, சி, டி, இ மைனர் என்று நாலு கார்டு பழகிய பிள்ளை, கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டினால் அதே விரல்களோடு ஐந்தரைக் கட்டை. இரண்டாவது ஃப்ரெட்டில் 6 கட்டை. பெண்கள் குரலுக்கு இந்தச் சுருதிகள்தான் அதிகம் வரும். அதனால் புதுக் கார்டு எதுவும் படிக்காமலே சில மாதங்களில் அவள் குழுவோடு சேர்ந்து வாசித்துவிடலாம். விரல் நுனி முதல் மூன்று நான்கு வாரம் வலிக்கும், பிறகு தோல் தடித்துப் பழகும். தினம் பதினைந்து நிமிடம் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வேண்டாம்.

வீட்டில் எங்கே வைப்பது? கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டாம், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டவும் வேண்டாம். பைக்குள் போட்டு, உள்சுவர் ஓரம், தரையில் படாமல். பைக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள், நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது நிறைந்தது என்று தெரியும், வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்ப வைக்கலாம். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பைக்குள் 60 சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி.

வாங்கி வந்த அன்றே 12-வது ஃப்ரெட் உயரத்தை அளந்து, தேதியோடு பைக்குள் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் மறுபடி அளந்து பாருங்கள். கால் மில்லிமீட்டர் ஏறியிருந்தால் இயல்பு, தை மாதம் தானாக இறங்கிவிடும். அதற்கு மேல் ஏறி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிலிகா ஜெல்லை மாற்றி, பையை மூடி ஒரு வாரம் விட்டு அளந்து பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று அவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.